ஊதாத் தளிருக்கு உரம் போட்டவன்

மரத்தடியில் சீனி போட்டால் பழம் இனிக்கும் என்று நம்பினவன் நான். நம்பினதோடு நிற்கவில்லை, போட்டும் பார்த்தவன்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வருசம் அது. திருகோணமலைத் துறைமுகத்தின் உள்வளைவைப் பார்த்தபடி, ஒரு மேட்டில், எங்கள் அரசாங்கப் பழக்கன்று நாற்றுமேடை இருந்தது. பெரிய கப்பல் ஊதினால் கன்று வைத்த பொலித்தீன் பைகள் லேசாக அதிரும். வேலியோரம் ஒரு நாரத்தை நின்றது. அதன் காயைக் கடித்தவன் அன்றைக்கு முழுக்க யாரையும் நேராகப் பார்க்க மாட்டான், ஒரு கண் மூடியே இருக்கும். துறைமுகத்து உப்புக்காற்று இலையில் பட்டு, காம்பு வழியாக இறங்கி, காய்க்குள் போய்ப் புளிப்பாக மாறுகிறது என்று நான் கண்டுபிடித்திருந்தேன். கண்டுபிடித்தவனே மருந்தும் சொல்ல வேண்டுமல்லவா? ஒரு மாதம் முழுக்க, யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து, சிவப்புச் சீனியைத் தண்ணீரில் கரைத்து நாரத்தையின் வேருக்கு ஊற்றினேன். எறும்புகள் கொழுத்தன. நாரங்காய் முன்னையைவிடக் கொஞ்சம் கூடப் புளிச்சது போலத்தான் எனக்குப் பட்டது.

இதை இப்போது எழுதுவதற்குக் காரணம் எங்கள் நாற்றுமேடையில் இருக்கும் இளையவர்கள். நான் ஐம்பத்தைந்தில் விருப்ப ஓய்வு எடுத்து வந்துவிட்டேன். போன மாதம் ஒரு கூட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். இனிமேல் தாய்மரத்தின் இலையொன்றைக் கிள்ளி உறையில் போட்டு அனுப்பினால், அந்த மரத்தின் பழம் புளிக்குமா புளிக்காதா என்று மரபணுவைப் பார்த்தே சொல்லிவிடலாமாம். காய்க்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை. கூட்டம் முடிந்ததும் ஒரு பிள்ளை வந்து, "அண்ணன், உங்கட அந்த எலுமிச்சங்கதையை ஒருக்கா எழுதித் தாங்கவன்" என்று கேட்டது. எனக்குப் பக்கென்றது. அந்தக் கதை அவர்களுக்குத் தெரியாது என்றுதான் நான் இத்தனை நாளும் நிம்மதியாக இருந்தேன்.

சரி, எழுதுகிறேன். எழுதாவிட்டால் அவர்கள் தங்கள் பாட்டில் இன்னும் மோசமாகச் சொல்லிக்கொள்வார்கள்.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மூன்று மாதம் கத்தி தீட்டினேன். ஆறு மாதம் என் விரலை வெட்டினேன். அதற்குப் பிறகு மரத்தை வெட்டப் பழகினேன். எங்கள் வேலை கண் வைக்கிறது. நல்ல மரத்தின் கிளையில், இலைக்காம்பின் அடியில், அரிசி அளவில் ஒரு கண் இருக்கும். அதைத் தோலோடு சீவி எடுத்து, வேறொரு கன்றின் தண்டில் தோலைக் கீறி உள்ளே செருகிக் கட்டினால், அந்தக் கண்ணிலிருந்து புது மரம் வளரும். வேரைக் கொடுக்கும் கன்றுக்கு ஒட்டுக்கட்டை என்று பெயர். எலுமிச்சை, ஆரஞ்சு என்கிற தோடை வகைகளுக்கு ஒட்டுக்கட்டையாக நாங்கள் வைப்பது சொறித்தோல் உள்ள ஒரு காட்டு எலுமிச்சை. அதற்கு எந்த மண்ணும் சரி. கண் பிடித்த பிறகு மேலே இருக்கும் காட்டுத் தலையை வெட்டிவிடுவோம். கீழே காட்டு வேர், மேலே நல்ல மரம். முப்பது வருசத்துக்கு மேல் இதைத்தான் செய்தேன். கண்ணைக் கட்டிவிட்டாலும் கண் வைப்பேன் என்று சொல்லித் திரிந்தேன். கண்ணைத் திறந்துகொண்டே பிழை விடுவேன் என்பது அப்போது தெரியாது.

ஓய்வு பெறுவதற்கு ஆறேழு வருசத்துக்கு முந்தி எங்களுக்குப் புதிய பொறுப்பதிகாரி வந்தார். கிறிஸ்டபெல் மிஸ். என்னைவிடப் பதினைந்து பதினாறு வயது இளையவர். சின்ன உருவம், பெரிய கைப்பை. குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதே இல்லை. கோபம் வந்தால் பென்சில் சீவுவார். முதல் கிழமையிலேயே நாங்கள் இதைக் கண்டுபிடித்துவிட்டோம். அலுவலகத்துக்குள் போகும்போது முதலில் குப்பைக்கூடையைத்தான் பார்ப்போம். பென்சில் தூள் குறைவாக இருந்தால் லீவு கேட்கலாம்.

அவர் வந்த முதல் வருசமே எல்லாத் தாய்மரங்களின் பழத்தையும் பரிசோதிக்க வேண்டும் என்றார். கண் எடுக்கும் தாய்மரங்களை நாங்கள் கிளை நறுக்கிக் கவ்வாத்துப் பண்ணிக்கொண்டே இருப்பதால் அவற்றில் காய்ப்பு குறைவு. காய்த்ததையும் யாரும் கவனிப்பதில்லை. முந்தி இருந்தவர்கள் மரத்துக்கு ஒரு பழம் பிடுங்கி, மணந்து பார்த்து, சரி என்று எழுதிவிடுவார்கள். மிஸ் மரத்துக்கு நாலு பழம் கேட்டார், திசைக்கு ஒன்றாக. ஒவ்வொன்றிலும் திசையைப் பென்சிலால் எழுத வேண்டும். நான் மனதுக்குள் சிரித்தேன். கிழக்குப் பக்கப் பழம் சாமி கும்பிட்டுவிட்டா வரப்போகிறது?

எங்களிடம் அப்போது ஒரேயொரு பெரிய எலுமிச்சைத் தாய்மரம் நின்றது. நம் ஊர்ச் சின்னத் தேசிக்காய் இல்லை. தடித்த தோல், நுனியில் முலை வைத்த, மஞ்சளாகப் பழுக்கிற பெரிய சாதி. வேறொரு நிலையத்திலிருந்து கன்றாக வந்தது. உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் விருந்தினர் விடுதிகள் கூடிய பிறகு, சுட்ட மீனுக்குப் பக்கத்தில் வெட்டி வைக்க அதற்கு நல்ல கிராக்கி. முந்தின மாரியில்தான் நான் அந்த மரத்திலிருந்து கண் எடுத்து நூற்றிருபது கன்று உண்டாக்கியிருந்தேன். அவ்வளவும் இறக்கக்கண்டியில் ஒரே வீட்டுக்குப் போயிருந்தது.

அந்த வீட்டுக்காரி றெஜினாக்கா. புருசன் அருளப்பு அண்ணன் மீன்பிடி. தோள்மூட்டு கழன்று, வலை இழுக்க ஏலாமல் போயிற்று. இரண்டு பேருமாக யோசித்து, படகு எஞ்சினை விற்று, கடல்நீர் புகும் களப்புப் பக்கம் இருந்த காணியில் வேலி அடைத்து, தண்ணீர்க் குழாய் போட்டு, எலுமிச்சை வைத்திருந்தார்கள். நிலாவெளியில் இரண்டு விடுதிக்காரர் காய் எடுப்பதாகச் சொல்லியிருந்தார்கள். எஞ்சின் இல்லாத படகு மணலில் கவிழ்ந்து கிடந்தது. கன்று ஏற்ற வந்த அன்றைக்கு றெஜினாக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, நல்லதாகப் பார்த்துத் தந்தீர்களா தம்பி என்று கேட்டார். நான் நெஞ்சை நிமிர்த்தி, ஒவ்வொரு கண்ணையும் நானே பொறுக்கினேன் என்றேன். அது முழு உண்மை. பிறகு என்னைக் கொன்றதும் அந்த உண்மைதான்.

பரிசோதனை நாளுக்கு வருகிறேன். மிஸ் பழத்தைக் குறுக்காக வெட்டுவார், ஒருநாளும் நெடுக்காக வெட்டுவதில்லை. முதலில் பச்சைத் தண்ணீரால் வாய் கொப்பளிப்பார். ஒரு துளி சாறு நாக்கில். கண்ணை மூடி ஐந்து எண்ணுவார். துப்புவார். மறுபடி கொப்பளிப்பார். நாக்கு சொன்னதை எழுதிய பிறகுதான் கண்ணாடிச் சாமான்களைத் தொடுவார். அளந்த சாற்றில் நிறம் காட்டும் மருந்து இரண்டு துளி. மேலே அளவிக் குழாயில் காரக் கரைசல். குழாயின் மூக்கைத் திருகி, ஒவ்வொரு துளியாகச் சாற்றில் விடுவார், இடக்கையால் குடுவையைச் சுழற்றிக்கொண்டே. சாற்றில் இருக்கும் அமிலம் அவ்வளவும் தீர்ந்த கணத்தில் முழுக் குடுவையும் இளஞ்சிவப்பாக மாறும். எவ்வளவு காரம் இறங்கியதோ அவ்வளவு புளிப்பு. வேடிக்கை பார்க்க நான் வாளியோடு பக்கத்தில் நிற்பேன்.

எலுமிச்சையின் வடக்குப் பழத்துக்கு அளவி பாதிக்கு மேல் இறங்கியது. கிழக்கும் அப்படியே. மேற்கும் அப்படியே. தெற்குப் பழத்தை மிஸ் நாக்கில் விட்டார். ஐந்து எண்ணினார். துப்பவில்லை. பத்தும் எண்ணியிருப்பார். பிறகு விழுங்கினார். அவர் விழுங்கி நான் பார்த்ததில்லை.

அளவியைத் திறந்தார். நாலாம் துளியில் குடுவை சிவந்தது.

எங்கேயோ பிழை என்று எல்லாவற்றையும் கழுவி, புது மருந்து எடுத்து, மறுபடி செய்தார். நாலாம் துளி. என்னைத் தெற்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு பழம் பிடுங்கிவரச் சொன்னார். கொண்டுவந்தேன். மூன்றாம் துளி. நாலாம் துளி. ஒரு பாதியை என்னிடம் நீட்டினார். கடித்தேன். எலுமிச்சை மணம் இருந்தது, எலுமிச்சைத் தோல் இருந்தது, உள்ளே சப்பென்ற ஒரு இனிப்புத் தண்ணீர். காதில் பழகிய பாட்டைத் தாளமில்லாமல் கேட்டது போல இருந்தது.

மிஸ்ஸின் முகத்தில் கோவிலுக்குள் வந்தவரின் அமைதி. எனக்கோ முதுகில் வேர்வை ஓடியது. தெற்குப் பக்கக் கிளை எனக்குத் தெரியும். நன்றாகவே தெரியும்.

மரத்தடிக்குப் போனோம். அவர் விரலால் காட்டினார், நான் பார்த்தேன். மரம் முழுவதும் இளந்தளிர் ஊதாவாக இருந்தது, நுனிகள் கத்தரிக்காய் நிறம். பூ மொட்டுகளின் வெளிப்புறமும் ஊதா. தெற்கே நீட்டியிருந்த ஒரு பெரிய கிளையில் மட்டும் தளிர் வெள்ளரிப் பச்சை. மொட்டு பால் வெள்ளை. எட்டு வருசமாக நான் கவ்வாத்துப் பண்ணுகிற மரம் அது. இந்த வித்தியாசத்தை நான் காணாதவன் இல்லை. கண்டேன், அதுதான் வில்லங்கமே.

இந்த இடத்தில் என் அறிவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒரு காலத்தில் சோளப் பயிருக்கு மூன்று நாள் பயிற்சிக்குப் போயிருந்தேன். இலை ஊதாவானால் மண்ணில் பொசுபரசுச் சத்துக் குறைவு என்று படம் போட்டுக் காட்டினார்கள். மூன்று நாளில் நான் மறக்காமல் கொண்டுவந்தது அது ஒன்றுதான். எங்கள் தேசியும் தோடையும் பச்சையாகத்தான் தளிர் விடும். ஆகவே இந்தப் புது எலுமிச்சை ஊதாவாகத் துளிர்த்ததும் எனக்கு நோய் விளங்கிவிட்டது. வருசா வருசம் பொசுபரசு உரம் போட்டேன். ஊதா மாறவில்லை. கூடப் போட்டேன். மாறவில்லை. என்னை அவமதிக்கவே அந்த மரம் ஊதாவாகத் துளிர்க்கிறது என்று கோபம்கூட வந்தது. தெற்குக் கிளை ஒன்றுதான் என் உரத்துக்கு மரியாதை கொடுத்துப் பச்சையாக வந்தது என்று நினைத்தேன். அதனால்...

அதனால் என்ன செய்தேன் என்பது கண் எடுத்த பதிவேட்டில் என் சொந்தக் கையெழுத்தில் இருந்தது. மிஸ் அலுவலகத்துக்கு வந்து அதை எடுத்தார். மெதுவாக வாசித்தார்:

"நூற்றிருபது கன்றுக்கும் சுகமான பச்சைக் கிளைகளிலிருந்தே கண் எடுக்கப்பட்டது. நோயுள்ள ஊதாக் கிளைகள் தவிர்க்கப்பட்டன. பச்சை தீர்ந்தபின், நோய் குறைந்த ஊதாக் கிளைகளிலிருந்து சில கண்கள்."

சுகமான என்ற சொல்லுக்குக் கீழே நான் கோடு வேறு போட்டிருந்தேன்.

மிஸ் பென்சில் எடுத்துச் சீவினார். முடிந்ததும் இரண்டாவது பென்சில். மூன்றாவதைச் சீவும்போது நான் கதிரையை இழுத்து உட்கார்ந்துவிட்டேன்.

"தவம் அண்ணன், இது நோயில்லை," என்றார். "அந்த ஊதாவும் பழத்தின்ர புளிப்பும் ஒரே இடத்தில இருந்து வாற கட்டளை."

பிறகு விளக்கினார். சுளைக்குள் கண்ணீர்த்துளி போலச் சின்னச் சின்னச் சாற்றுப் பைகள் இருக்கின்றன அல்லவா, அவற்றின் ஒவ்வொரு உயிர்க்கலத்துக்குள்ளும் ஒரு அறை. அந்த அறைச் சுவரில் பம்புகள். இரவு பகலாக அவை புளிப்பை உள்ளே தள்ளுகின்றன. வெளியே விடாமல் தேக்கியும் வைக்கின்றன. அந்தப் பம்புகளைக் கட்டச் சொல்கிற ஒரு மரபணு உண்டு. எலுமிச்சையில் தளிருக்கும் பூவுக்கும் ஊதாச் சாயம் பூசச் சொல்கிறதும் அதே மரபணுதான். ஒவ்வொரு கலத்திலும் அதற்கு இரண்டு பிரதி. இந்த மரத்தில் ஒன்று முதலிலேயே பழுதாக இருந்திருக்க வேண்டும், மற்றது ஓடியதால் தெரியவில்லை. தெற்குக் கிளை ஒரு சின்னக் கண்ணாக இருந்தபோது அந்த மற்றப் பிரதியும் கெட்டிருக்கிறது. அவ்வளவுதான். சாயம் பூசுகிறவனும் வரவில்லை, பம்பு கட்டுகிறவனும் வரவில்லை. யாரும் இனிப்பைக் கொண்டுவந்து கொட்டவில்லை. புளிப்பு வராததால், எப்போதும் இருந்த கொஞ்ச இனிப்பு வெளியே தெரிகிறது. தோடைக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது என்றும் சொன்னார். அங்கே சாயம் பூச வேறொரு துணை வேண்டும், அது இல்லாததால் புளித்தாலும் தளிர் பச்சைதான்.

இருபத்தைந்து வருசம் அந்த மரங்களின் தோலைக் கீறிய மனிதன் நான். ஒரு பழத்துக்குள் அத்தனை பம்புகள் வேலை செய்கின்றன என்று அன்றைக்குத்தான் கேள்விப்பட்டேன். துறைமுகத்தில் கப்பலுக்கு எண்ணெய் ஏற்றும் பம்புகளைப் பார்த்து வியந்தவன். கையிலிருந்த எலுமிச்சம்பாதியைக் கீழே வைக்க மனம் வரவில்லை. பயத்தோடு பயமாக அதையும் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஆனால் பயம் பயம்தான். அன்று மத்தியானத்துக்குள் மூன்று திட்டங்கள் போட்டேன். முதலாவது, பதிவேட்டின் அந்தப் பக்கத்தைக் கரையான் தின்றுவிட்டதாகச் சொல்வது. ஆனால் கரையான் குறித்த ஒரு பக்கத்தை மட்டும் தேடித் தின்பதை யார் நம்புவார்? இரண்டாவது, றெஜினாக்காவின் தோட்டத்துக்குள் நாலு ஆட்டை விடுவது. அத்தாட்சி முழுவதும் சாப்பாடாகிவிடும். மூன்றாவது, கனடாவில் இருக்கும் என் மச்சானுக்கு எழுதுவது. அவர் என்னோடு கதைத்துப் பத்து வருசம்.

சனிக்கிழமை தாங்காமல் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு தனியே இறக்கக்கண்டிக்குப் போனேன். மிஸ்ஸிடம் சொல்லவில்லை. றெஜினாக்கா வேலிப் படலையைத் திறந்தவுடன், ஏன் இப்படி வேர்த்துக் கொட்டுகிறது என்றுதான் கேட்டார். வெயில் என்றேன். வானம் மூடி மழைக் குணமாக இருந்தது.

தோட்டத்துக்குள் நுழைந்து பார்த்தால் ஊதா! முதல் கன்றில் ஊதாத் தளிர். இரண்டாவதில் ஊதா. வரிசை முழுக்க அடியிலிருந்து குண்டு குண்டாக ஊதாத் தளிர்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அக்கா, வெளுத்து வாங்குது உங்கட தோட்டம் என்று கத்தினேன். அருளப்பு அண்ணன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். குசினியில் இருந்து புட்டும் மீன்குழம்பும் வந்தது, மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டேன். திரும்பி வரும் வழியெல்லாம் பாட்டு.

திங்கட்கிழமை மிஸ்ஸிடம் போய் வீரத்தோடு சொன்னேன்: எல்லாம் ஊதா, புளிப்பு ஒன்றும் போகவில்லை.

அவர் நிமிர்ந்து பார்க்காமலே கேட்டார். "அந்தத் தளிர் எங்கயிருந்து வந்தது அண்ணன்? கண் வச்ச இடத்துக்கு மேலயா, கீழயா?"

நான் தலையில் அடித்துக்கொண்டேன். எங்கள் ஒட்டுக்கட்டையும் ஊதாவாகத் துளிர்க்கிற சாதி. கண் வைத்த இடத்துக்குக் கீழே காட்டு வேர் தன் பாட்டில் தளிர் விடும், அதைக் கிள்ளிவிட வேண்டும் என்று நான்தான் ஆயிரம் பேருக்குப் படிப்பித்தவன். அடியிலிருந்து குண்டு குண்டாக வந்தது என்று மேலே எழுதினேனே, அது என்னவென்று வாசிக்கிற எங்கள் பிள்ளைகளுக்கு அப்போதே விளங்கியிருக்கும். எனக்கு விளங்க ஒரு ஞாயிற்றுக்கிழமையும் போக வேண்டியிருந்தது.

செவ்வாய்க்கிழமை இரண்டு பேருமாகப் போனோம். மிஸ் பையில் சிவப்பு நூலும் வெள்ளை நூலும் கொண்டுவந்தார். ஒவ்வொரு கன்றின் அடியிலும் குந்தி இருந்து, கண் வைத்த வடுவை விரலால் தடவிப் பார்த்து, அதற்குக் கீழே வந்த தளிரைக் கிள்ளி எறிந்துவிட்டு, மேலே வந்த தளிரை மட்டும் பார்ப்போம். ஊதாவானால் சிவப்பு நூல். பச்சையானால் வெள்ளை. மேலே தளிரே இல்லாவிட்டால் நுனியைக் கிள்ளிவிட்டுத் தடி நாட்டுவோம், பதினைந்து நாளில் புதிதாகத் துளிர்க்கும். றெஜினாக்கா பின்னால் வந்துகொண்டிருந்தார். வெள்ளை கூடக் கூட அவர் நடை மெதுவாயிற்று.

கடைசி வரிசையின் கடைசிக் கன்றில் மிஸ் குந்தினவர் எழும்பவில்லை. பாம்போ என்று நான் ஓடினேன். அவர் ஒரு இலையை உள்ளங்கையில் ஏந்தியிருந்தார். நடு நரம்பின் ஒரு பக்கம் ஊதா. மறுபக்கம் பச்சை. யாரோ அடிமட்டம் வைத்துக் கோடு இழுத்தது போல, நுனிவரை. கிளை பிரியும் எல்லையில் இருந்த ஒரு கண்ணை நான் சீவியிருக்கிறேன். கட்டளை கேட்ட கலங்களும் கேட்காத கலங்களும் அந்த அரிசி அளவுக் கண்ணுக்குள் பக்கத்துப் பக்கத்தில் இருந்து, ஒன்றாகவே வளர்ந்து, ஒரே இலையாகி, ஆனால் ஒன்றின் எல்லையை ஒன்று தாண்டாமல் நின்றன.

மிஸ் மணலில் முழங்காலிட்டிருந்தார். நானும் முழங்காலிட்டேன். கொஞ்ச நேரம் நான் பயப்பட மறந்துபோனேன். அது உண்மை. என் வேலை, பென்சன், றெஜினாக்கா, எல்லாம் மறந்துபோயிற்று. அந்தக் கோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஆராவது எனக்குச் சொல்லுவீங்களா?" என்று றெஜினாக்கா பின்னாலிருந்து கேட்டார்.

எழும்பினோம். எழுபத்தேழு வெள்ளை. முப்பத்துமூன்று சிவப்பு. ஒன்பது தளிர் இல்லாதவை. இந்த ஒன்று.

மிஸ் வாயெடுக்க முந்தி நான் சொன்னேன். வெள்ளை கட்டினது ஒன்றும் புளிக்காது, வெறும் தண்ணீராகத்தான் காய்க்கும் என்றேன். றெஜினாக்கா தன் கையைத் திருப்பிப் பார்த்தார்.

"நான் தண்ணி விட்டது பிழையா தம்பி? களப்புத் தண்ணி கலந்திருக்குமோ எண்டு இவர் சொன்னவர்."

"இல்லையக்கா. உங்கட கையில ஒரு பிழையுமில்லை. கண் எடுக்கேக்க நான் விட்ட பிழை."

"நல்லதாப் பார்த்துப் பொறுக்கினனான் எண்டீங்க."

"ஓம். பார்த்துப் பொறுக்கித்தான் பிழை விட்டனான். பாராமல் எடுத்திருந்தா இவ்வளவு பிழைச்சிராது."

அருளப்பு அண்ணன் நல்ல கையால் வேலிக்கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார். கோபப்படவில்லை, பேச்சு மட்டும் வந்தது. எஞ்சினும் போயிற்று, விடுதிக்காரனுக்கு மீனில் பிழிய இனிச் சீனித்தண்ணீர் கொண்டுபோய்க் கொடுப்பதா, இதெல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு மிளகாய் நாட்டினாலாவது மூன்று மாதத்தில் காசு காணலாம் என்றார். சொன்னது சரிதான்.

மிஸ் சொன்னார், வேரைப் பிடுங்கத் தேவையில்லை. வெள்ளை கட்டினவற்றின் தலையை வடுவோடு வெட்டிவிட்டு, அதே காட்டுத் தண்டில் ஊதாக் கிளையின் கண்ணை மறுபடி வைக்கலாம். வேர் ஒரு வருசம் ஓடியிருப்பதால் கெதியாக வளரும். ஆனாலும் காய்க்க இரண்டு வருசம் செல்லும்.

"அப்ப புளிக்குமா?" என்று கேட்டார் றெஜினாக்கா.

கிறிஸ்டபெல் மிஸ் எதற்கும் உறுதி சொல்லி நான் கேட்டதில்லை. மழை வருமா என்று கேட்டால்கூட மேகம் இருக்கிறது என்றுதான் சொல்வார்.

"மேல ஊதாத் தளிர் வந்தா, புளிக்கும்," என்றார். "வராத ஒண்டையும் விட்டிட்டுப் போகமாட்டம்."

றெஜினாக்கா நெடுநேரம் அந்த வரிசைகளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"வெட்டுங்க. ஆனா மிஸ் வெட்டக் கூடாது, கூலிக்கும் ஆள் வேணாம். இவர்தான் வெட்ட வேணும். எல்லாத்தையும்."

மிஸ் நடந்ததை நடந்தபடி மேலிடத்துக்கு எழுதினார், ஒரு சொல் கூட்டவும் இல்லை குறைக்கவும் இல்லை. எனக்குக் கண்டிப்புக் கடிதம் வந்தது. அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, மூன்று கிழமை ஒவ்வொரு நாளும் இறக்கக்கண்டிக்குப் போனேன். நுனி கிள்ளிய ஒன்பதில் நாலு ஊதாவாகவும் ஐந்து பச்சையாகவும் துளிர்த்தன. ஆக வெட்ட வேண்டியது எண்பத்திரண்டு. ஒவ்வொன்றும் இடுப்பளவு வளர்ந்து, இலை மினுங்கிக்கொண்டு நின்றது. என் வாழ்க்கையில் அவ்வளவு சுகமான கன்றுகளை நான் பார்த்ததில்லை. ஒவ்வொன்றாகத் தலையை வெட்டினேன். றெஜினாக்கா ஒரு கதிரையைப் போட்டு எதிரே இருந்து, மீனுக்குச் செதில் எடுத்துக்கொண்டே எண்ணினார். நான் ஒரு இடத்தில் நிமிர்ந்து முதுகை நெளித்தால், "முப்பத்தாறு" என்பார், அவ்வளவுதான்.

தாய்மரத்தில் இந்த முறை நான் தேடித் தேடி ஊதாக் கிளையாகவே எடுத்தேன். எட்டு வருசம் நான் நோயாளி என்று திட்டின கிளைகள். எண்பத்திரண்டில் எழுபத்தாறு முதல் தரமே பிடித்தது, ஆறை மறுபடி வைத்தேன். ஒரு காலை அருளப்பு அண்ணன் தொலைபேசியில் கூப்பிட்டு, ஏதோ ஊதாவாக முளைக்கிறது, வந்து பாரும் என்றார். வடுவுக்கு மேலேயா கீழேயா என்று நான் கேட்டேன். அவர் போய்ப் பார்த்துவிட்டு வந்து, மேலே என்றார். நான் அலுவலக வாசலில் நின்றபடியே அழுதேன். மிஸ் கண்டும் காணாதது போல உள்ளே போய்விட்டார்.

பாதி ஊதா இலை விட்ட அந்த ஒரு கன்றை வெட்டவில்லை. மிஸ் கேட்க, வேலியோரம் நிற்கட்டும் என்று றெஜினாக்கா விட்டார். அது வளர்ந்து, ஒரு பக்கம் புளிக்கவும் மறுபக்கம் புளிக்காமலும் காய்த்தது. போகும்போதெல்லாம் நான் அதன் கீழே கொஞ்ச நேரம் நிற்பேன். இரண்டு பக்கமும் ஒரே வேரில் தண்ணீர் குடிக்கிறது, ஒரே வெயில் காய்கிறது, ஒரே கடற்காற்றில் ஆடுகிறது. ஒரு கட்டளை மட்டும் இந்தப் பக்கம் கேட்கிறது, அந்தப் பக்கம் கேட்கவில்லை. எத்தனை தரம் பார்த்தாலும் எனக்கு அது பழகவில்லை.

கண் மாற்றி இரண்டாம் வருசம் பங்குனியில் மற்றவை காய்த்தன. முதல் காய் மஞ்சளானதும் நிலாவெளி விடுதிக்காரர் ஒருவரும் வந்திருந்தார். நான் ஒரு வாளியும் கத்தியும் கொண்டுபோய், எண்பத்திரண்டு மரத்திலும் மரத்துக்கு ஒரு காய் பிடுங்கி, வெட்டி, ஒவ்வொன்றையும் என் நாக்கில் வைத்துப் பார்த்தேன். றெஜினாக்கா கூடவே வந்தார்.

எண்பத்திரண்டும் புளித்தது.